முகமில்லாத படங்கள்

போன சனிக்கிழமை யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் ஒரு அக்கா கேட்ட கேள்வி இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

ஏழு இளம் பிள்ளைகளுக்குப் பத்திரிகைப் படம் எடுக்கப் பழக்குகிறேன். நான் யாரிடமும் படித்தவனில்லை. பட்டும் கெட்டும் பழகியவன். அதனால் முதல் நாள் பாடமே என் பழைய படங்கள்தான். கியூவில் நிற்கும் கால்கள்... அடையாள அட்டையைப் பிடித்த கை... வேலியோரம் நிற்கும் பெண்களின் முதுகுகள்...

"வடிவான கொம்பொசிஷன், அண்ணை!" என்றாள் அவர்களில் ஒருத்தி, குருநகர் டிலக்சி. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சனிக்கிழமை எல்லோரையும் மயிலிட்டிக்குக் கூட்டிப்போனேன். துறைமுகத்துக்குச் சற்றுத் தள்ளி, யுத்த காலத்தில் இராணுவம் பிடித்து இன்னும் விடுவிக்காத காணிகள். கம்பிவேலி. அதைப் பார்த்தபடி காணிக்காரர் பத்துப் பன்னிரண்டு பேர், காணியைத் தரச்சொல்லி மட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டிலக்சி நேரே அவர்களுக்குப் பின்னால் போனாள். கிளிக், கிளிக்.

கமெராவை வாங்கித் திரையைப் பார்த்தேன். முதுகு. முதுகு. கை. செருப்பு.

"ஏன் பிள்ளை, ஒரு முகமும் இல்லை?"

"உங்கடை ஸ்டைல்தானே, அண்ணை!"

ஸ்டைலா? யுத்தம் நடந்த அந்த நாளில் பேப்பரில் ஒரு முகம் வந்தால், மறுநாள் அந்த வீட்டுக் கதவு தட்டப்படும். அதற்குத்தான் முதுகு. தணிக்கை செய்பவர் வெட்டுவதற்கு முன்னரே நாங்களே வெட்டிக்கொண்டோம். பயம்... சுத்தப் பயம்! இதை இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல மறந்துபோனேனா, அல்லது கூச்சப்பட்டேனா?

நான் வாய் திறக்குமுன், வேலியடியில் நின்ற ஒருவர் திரும்பினார். ராசமலர் அக்கா. அறுபது வயதிருக்கும்.

"பிள்ளை, என்ரை முதுகோ காணி கேக்குது?"

கூட்டம் சிரித்தது. டிலக்சி முழிசினாள்.

அக்கா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பொட்டைச் சரிசெய்தார். கம்பிவேலிக்கு முதுகைக் காட்டி, கமெராவை நேரே பார்த்தார்.

"இப்ப எடு. செல்லத்துரை ராசமலர் எண்டு போடு. காணியின்ரை பேரையும் போடு, பனிச்சையடி வளவு. காணி உறுதிப் பத்திரத்திலை அப்பிடித்தான் கிடக்கு."

"பேரும் போடவோ, அக்கா? பிறகு ஆரும் வந்து விசாரிச்சா?" என்றேன் நான்.

"வரட்டும். ஒளிச்சு நிண்டா எனக்கு ஆர் காணி தருவினம்?"

என் கை தானாக உயர்ந்தது. தடுக்கத்தான்... வேறென்ன? முப்பது வருஷப் பழக்கம்! ஆனால் கிளிக் சத்தம் முந்திவிட்டது.

அந்த முகத்தை எப்படிச் சொல்வேன்? கோபமில்லை. அழுகையில்லை. தன் வீட்டு வாசலில் நின்று, வந்தவரை 'ஆர் நீங்கள்?' என்று கேட்கிற முகம். இத்தனை காலம் கமெரா தூக்கிய நான், இப்படி எத்தனை முகங்களை முதுகாக்கி வைத்திருக்கிறேன்?

படம் இந்தக் கிழமைப் பேப்பரில் வந்தது. அக்காவின் பெயர், வளவின் பெயர், எல்லாம் சரி. ஓரத்தில் மட்டும் மங்கலாக ஒரு கை. "வெட்டிவிடவோ, அண்ணை?" என்று டிலக்சி முன்பே கேட்டிருந்தாள். வேண்டாம் என்றேன். இனி எதையும் வெட்ட எனக்கு மனமில்லை.

நேற்றுப் பேப்பரைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். காணி இன்னும் வேலிக்குள்தான். அக்கா கண்ணாடியைப் போட்டுக் கனநேரம் பார்த்தார். "ஓம், இது நான்தான்" என்றார். பிறகு ஓரத்தில் விரலை வைத்தார்.

"உந்தக் கை ஆரின்ரை?"

"எங்களுக்குப் படம் எடுக்கப் பழக்கிறவரின்ரை, அக்கா" என்றாள் டிலக்சி.