கொடியில் தொங்கிய ஈரச் சாக்கு

தை மாதத்து வறண்ட பனிக்காற்றில் என் கைக்குழந்தை தொண்டை காய்ந்து, பால்கூடக் குடிக்காமல் இருமியது. அறையில் ஆவி பரப்ப ஒரு கெண்டி வாங்கிவர என் வீட்டுக்காரர் அட்டன் டவுனுக்குப் போயிருந்தார்.

அப்போது, தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் பக்கத்து வீட்டு மாரிமுத்து அண்ணன் ஈரச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் அறைக்குள் இருந்த துணிக்கொடியில் தொங்கவிட்டார்.

"பச்சப்புள்ளைக்குச் சளி புடிக்கவா?" என்று கத்தி, அதை வாசலில் வீசினேன்.

அவர் கோபப்படவில்லை. "ஃபேக்டரியில அரைச்ச கொழுந்து காயாம இருக்க இப்படித்தான் கட்டுவோம், தங்கச்சி. காத்துல ஈரம் வேணும்." மண் போக அலசி, மறுபடி கட்டினார்.

கெண்டி வந்து சேர்ந்தபோது பிள்ளை வயிறாரக் குடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கெண்டியில் முதலில் கொதித்தது அண்ணனுக்கான தேத்தண்ணிதான். இன்றுவரை அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்று சீனி மட்டும் கூடுதலாகப் போட்டேன்.