ஃப்ரிட்ஜுக்கு வேர்க்கிறது

ஓட்டை என்று ஒன்றைக் கண்டுவிட்டால் தையலக்காவுக்குக் கை சும்மா இருக்காது. துணி தைக்கும் கடையில் நாள் முழுக்கக் கிழிசலோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தாலும், வீட்டுக் கொசுவலையில் ஒரு கண் பெரிதாகத் தெரிந்தால் ஊசியை எடுத்துவிடுவாள்.

சமையலறைச் சாமான்களையும் அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டாள். மிக்ஸி மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்துத்தான் மாட்டுவாள். கெட்டிலின் அடியில் உப்புப் படிந்தால் வினிகர் ஊற்றி ஊற வைப்பாள். அவளுக்கு அடங்காதது ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். காய்கறிப் பெட்டிக்கு அடியில் தினமும் தண்ணீர் தேங்கும். "வயசாச்சுல்ல, வேர்க்குது" என்று அதற்காகப் பரிந்து பேசிக்கொண்டே காலையில் துணியால் ஒற்றி எடுப்பாள்.

வேன் ஓட்டும் கணவருக்குப் பொறுமை போய்விட்டது. பழைய சாமான் வாங்குபவரை ஞாயிற்றுக்கிழமை மதியம் வரச் சொல்லிவிட்டார். தையலக்காவுக்கோ மனசே இல்லை. அந்தக் குறுகிய மூலைக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் நிற்கும் ஃப்ரிட்ஜ் அது. அதன் உறுமல் கேட்டால்தான் வீட்டில் துணைக்கு ஆள் இருப்பதுபோல் இருக்கும்.

கொடுக்கிற பொருளை அழுக்கோடு கொடுக்கக் கூடாதென்று அன்று காலை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்தாள். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, சோப்புத் தண்ணீரோடு உட்கார்ந்தாள். பின்சுவரின் அடியில் நீலக் கட்டம் போட்ட துணி ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. வாங்கிய புதிதில், இந்தப் பொத்தல் வழியாகக் குளிரெல்லாம் வெளியே போகிறதே என்று அவளே அடைத்தது. நாளடைவில் அதுவும் ஃப்ரிட்ஜின் ஓர் அங்கம் என்றே கண் பழகிவிட்டது. துவைத்துத் திரும்ப வைக்கலாம் என்று இழுத்தாள்.

தேங்கியிருந்த தண்ணீர் களகளவென்று பொத்தலுக்குள் இறங்கியது. பதறிப்போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். சூடாக இருந்த மோட்டாரின் மேல் ஒரு தட்டு. அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அந்தச் சூட்டிலேயே காய்ந்து போவதற்கான ஏற்பாடு. எல்லாம் புரிந்துவிட்டது.

இதைச் சொன்னால் ஃப்ரிட்ஜ் தங்கும். ஆனால் கூடத்தில் கணவரோடு நாத்தனாரும் உட்கார்ந்திருந்தாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா? இருந்தாலும் தையலக்கா துணியோடு போய் நடந்ததைச் சொன்னாள்.

"அண்ணி, இத்தனை வருஷமா அதோட மூக்கை அடைச்சுட்டு, சளி பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டிருந்தீங்களா?"

"சிரி, நல்லா சிரி. ஏங்க, அந்த ஆளுக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லுங்க."

கணவர் சிரிக்கவில்லை. துணியை வாங்கி விரித்துப் பார்த்தார். பொத்தான் துளையோடு சட்டையின் கைப்பகுதி.

"என் நீலச் சட்டை. துவைக்கப் போட்டது எங்கயோ தொலைஞ்சு போச்சுன்னு சொன்னியே?"

"கிழிஞ்சிருந்துச்சுங்க."

"பரவால்ல. வீட்டுக்குள்ளதான் யாரோ போட்டிருந்திருக்காங்க" என்றபடி போனை எடுத்தார்.

மறுநாள் காலை, பழக்கதோஷத்தில் துணியும் கையுமாக வந்து காய்கறிப் பெட்டியைத் தூக்கினாள் தையலக்கா. அடியில் சொட்டு ஈரம் இல்லை. எடுத்த துணியைச் சும்மா வைக்க மனம் வராமல், ஃப்ரிட்ஜின் தலையைத் துடைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.