குடியேறிகளைக் கிளப்பத் தெரியாதவர்

எங்கள் அலுவலகத்தில் அவரை ஊர்த்தலைவர் என்போம். அவர் ஆண்டதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஊரைத்தான். நாங்கள் தயாரிக்கும் வீடியோ கேமில், விளையாடுகிறவர் மந்திரவாதிகள் திரியும் காட்டில் ஒரு குடியிருப்பைக் கட்ட வேண்டும். ஒழுங்காக நடத்தாவிட்டால் குடியேறிகள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அவர்கள் எப்போது போவார்கள் என்று விதி எழுதுவது அவர் வேலை. சோதித்துப் பார்ப்பது என் வேலை.

ஒருத்தனும் போகவில்லை. சோற்றை நிறுத்தினேன், கூரையைக் கொளுத்தினேன், டிராகனை ஏவினேன். எரிந்த வீட்டு வாசலில் மரம் மாதிரி நின்றார்கள். நோண்டிப் பார்த்தால், வேறு யாராவது கிளம்பினால் நீயும் கிளம்பு என்று எல்லோருக்கும் ஒரே விதி! முதலில் கிளம்பத்தான் ஆளில்லை. அவர் புத்திக்கு வேறென்ன தோன்றும்? முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினால், மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிகிற மனிதர்.

கடுப்பான முதலாளி உத்தரவு போட்டார்: “அதுங்க ஊரை விட்டுப் போறவரைக்கும் இங்க யாரும் லீவுன்னு வாயைத் திறக்கக் கூடாது.”

மறுநாள் என் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். கூட இருக்க என்னை விட்டால் நாதியில்லை.

“நீ எந்திரிம்மா, பின்னாலேயே நாங்க எல்லாரும் வர்றோம். எத்தனை பேரைத் தூக்குவான்?” என்று காபி மெஷின் பக்கத்தில் ஊர்த்தலைவர்தான் வீரம் பேசினார். நானும் நம்பித் தொலைத்தேன்.

மறுநாள் காலை ஆபீசில் நாற்காலியை விட்டு எழுந்தேன். “சார், நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

“போனா அப்படியே போயிடு,” என்றார் முதலாளி.

திரும்பிப் பார்த்தேன். ஒரு நாற்காலிகூட அசையவில்லை. ஊர்த்தலைவர் கீபோர்டில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். த்தூ! காறித் துப்பலாம் போல இருந்தது.

சாயங்காலம் ஐசியூ வாசலில் இருந்தபோது அவரிடமிருந்து போன். மன்னிப்புக் கேட்பார் என்று எடுத்தேன்.

“கண்டுபிடிச்சிட்டேம்மா! சொந்த ஆளுக்கு ஆபத்துன்னா ஒருத்தர் யாரையும் பாக்காமக் கிளம்பிடுவாங்க. மத்தவங்க, போனவங்க வேலையைப் பங்கு போட்டுக்கிட்டு கொஞ்ச நாள் ஒட்டிக்கிட்டு இருப்பாங்க. முடியாதப்ப ஒவ்வொருத்தரா நழுவுவாங்க. உன்னைப் பாத்துதான் எழுதினேன். இப்ப குடியேறிங்க போறாங்க! முதலாளிக்கு ஒரே சந்தோஷம், நாளைக்கு எல்லாருக்கும் லீவு விட்டுட்டார்.”

“என் அப்பா எப்படி இருக்கார்னு நீங்க இன்னும் கேக்கல சார்.”

“ஐயையோ, ஆமா... எப்படி இருக்காரு?”

பிழைத்துவிட்டார் என்று அந்த ஆளிடம் சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.