வாசலில் நின்ற படகில் தண்ணீர்

தரையில் நிற்கிற படகுக்குள் தண்ணீர் புகுமா? போன வாரம் எங்கள் வீட்டு வாசலில் புகுந்தது!

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு ஒரு ஆசை – பாய்மரப் படகு. கல்லூரி நண்பன் சுந்தரம் தன்னுடைய பழைய படகை எனக்கு விற்றான். சின்னதுதான். பெயின்ட் அடித்து, முட்டுக்காட்டு உப்பங்கழியில் இறக்கினேன். ஒரு மழை இரவுக்குப் பிறகு அடிப்பலகையைத் தூக்கினால்... கறுப்பாக, நாற்றமடிக்கும் தண்ணீர்.

உடனே சுந்தரத்துக்கு போன். "ஓட்டைப் படகை என் தலையில கட்டிட்டியேடா, ஏமாத்துக்காரா!"

பதிலே சொல்லாமல் போனை வைத்தான். அதோடு பேச்சு நின்றது.

படகை ட்ரெய்லரில் ஒரகடத்து வீட்டுக்கே இழுத்து வந்து, துடைத்து, வாசலில் நிறுத்தினேன். எதிர்வீட்டு தனசேகர் விடுவாரா? "இன்னா சார், செம்பரம்பாக்கம் ஏரியைத் தொறந்தா எஸ்கேப் ஆவறதுக்கா? எங்களுக்கும் ஒரு சீட்டு போட்டு வைங்க!"

போன வாரம் மழை. மறுநாள் பார்த்தால், அதே கறுப்புத் தண்ணீர். "பார்த்தியா, ஓட்டை!" என்று மருமகள் கவிதாவைக் கூப்பிட்டேன். கார் கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவள். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பிலும் சிரித்துவிட்டாள்.

"மாமா, அடியில ஓட்டை இருந்தா தண்ணி கீழ ஒழுகிப் போயிருக்கணுமே? நின்னுகினு இல்ல இருக்கு!"

குனிந்து படகின் அடியைத் தடவிப் பார்த்தேன்; ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"எங்க லைன்ல காரை ஷவர்ல நிக்க வச்சுதான் லீக் பார்ப்போம். ஹோஸைக் கொண்டாங்க."

உள்ளே டார்ச்சோடு அவள். வெளியே, கீழிருந்து மேலாக, இடம் இடமாகத் தண்ணீர் அடித்தேன். பக்கவாட்டில் – இல்லை. ஜன்னலில் – இல்லை. பாய்மரத்தின் அடியில் அடித்ததும் உள்ளிருந்து குரல்: "நிறுத்துங்க மாமா, ஊத்துது!"

மேல்தளத்திலிருந்து விளக்கு ஒயர் இறங்கும் துளை. வாங்கியபோது அதைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. அசிங்கமாக இருக்கிறதென்று, பெயின்ட் அடிக்கும்போது சுரண்டி எறிந்தவன்... நான்தான். அந்தத் துளை வழியே இறங்கிய மழைத்தண்ணீர், உள்ளே படிந்திருந்த பழைய அழுக்கையெல்லாம் கழுவிக்கொண்டு அடியில் தேங்கியிருக்கிறது.

அப்பாடா, படகு தப்பித்தது! ஆனால் சுந்தரம்?

ஏதாவது ஒழுகினால் நாம் முதலில் தேடுவது ஆளைத்தான். ஓட்டையைத் தேடுவதெல்லாம் அப்புறம்!

திட்டுவதற்கு ஒரு நொடிகூட யோசிக்காதவன், மன்னிப்புக் கேட்க நாள் கணக்கில் யோசித்தேன். நேற்றுதான் போன் செய்தேன்.

"தப்பு என்மேலதான்டா. அடைப்பைச் சுரண்டினது நான். உன்னைப் போய் ஏமாத்துக்காரன்னு... மன்னிச்சுடு."

அவ்வளவுதான், ஆரம்பித்தான். "அறிவு இருக்காடா உனக்கு? இன்ஜினியரிங் படிச்சானாம், இன்ஜினியரிங்! படகை விட்டுட்டு உன் மண்டையில ஹோஸ் அடிச்சுப் பாரு, ஓட்டை தெரியும்!"

மூச்சு விடாமல் திட்டினான். நான் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நண்பன் திட்டலாம்; பேசாமல்தான் இருக்கக் கூடாது!