நான் எழுதாமல் விட்ட உத்தரவு

சவூதியில் தம்மாமுக்கு வெளியே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் நான் டெக்னீஷியன். எனக்கு மேலே இரண்டு எஞ்சினியர்கள், ஓர் அமெரிக்கன், ஒரு பிரெஞ்சுக்காரன். முதலாமவன் பவுண்டு, ஃபாரன்ஹீட் தவிர வேறெதையும் படிக்க மாட்டான். மற்றவனுக்கு பார், சென்டிகிரேடு இல்லையென்றால் ஆகாது. அதனால் ஒரே பம்பின் அழுத்தத்தையும் சூட்டையும் மணிக்கு ஒருதரம் நான் இரண்டு நோட்டுகளில் எழுத வேண்டும். ஆலைக்கென்று பொது நோட்டு கிடையாது. கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்குக் கைதான் வலித்தது.

குவைத் சண்டை தொடங்கிய குளிர்காலம் அது. இருவருடைய நாட்டுப் படைகளும் ஒரே அணியில் வந்து இறங்கியிருந்தன. மெஸ்ஸில் டிவி முன்னால் இவர்கள் தனிச்சண்டை நடத்தினார்கள்.

"பிரெஞ்சுப் படையும் வந்திருக்கிறதாமே, சமையலுக்கா? இரண்டு உலகப் போரிலும் உங்களைக் காப்பாற்றியதே நாங்கள்தான்" என்பான் அமெரிக்கன்.

"உங்கள் சுதந்திரப் போரில் நாங்கள் கைகொடுத்திருக்காவிட்டால் நீங்கள் இன்னும் இங்கிலாந்து ராஜாவுக்கு வரி கட்டிக்கொண்டிருப்பீர்கள். இந்தக் கழுநீரைக் காபி என்று குடிக்கிற ஜனம்!" என்பான் பிரெஞ்சுக்காரன்.

நான் பிரெஞ்சுக்காரன் கட்சி. அமெரிக்கன் என்னை விசிலடித்துக் கூப்பிடுவான். இவனோ எங்கள் அறைக்கே வந்து, என் மீன்குழம்பைக் கையால் பிசைந்து தின்றுவிட்டு, "மகள் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்பான். அவளுக்கு அப்போது நான்கு வயது. என்னை அவள் பார்த்தது இரண்டு லீவில், மொத்தம் நான்கு மாதம். டெக்னீஷியனுக்கு ஃபேமிலி விசா கிடையாது, ஃபோர்மேனுக்கு உண்டு. என்னை ஃபோர்மேன் ஆக்கச் சொல்லி இவன்தான் மேனேஜருக்கு எழுதியிருந்தான். அது கையெழுத்தாகிவிடும் என்று நம்பி என் மனைவி ஊரில் பெட்டி வாங்கிவிட்டாள்.

"எலே மக்கா, அவனுவ ரெண்டுவேரும் இன்னைக்கு அடிச்சுக்கிடுவானுவ, நாளைக்குத் தோளுல கையப் போட்டுக்கிட்டுப் போவானுவ. நீ எடையில கெடந்து நசுங்காத, கேட்டியா?" என்றான் என் ஊர்க்காரனான அறைத்தோழன்.

"சவத்த விடுலே, ஒனக்கு என்ன தெரியும்?" என்று அவன் வாயை அடைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒருநாள் காலை இரண்டாம் பம்பில் பேரிங் கொதித்தது. அமெரிக்கன் நோட்டைப் பார்த்துவிட்டு உடனே நிறுத்தச் சொன்னான். ட்யூட்டியிலிருந்த பிரெஞ்சுக்காரனுக்குப் பொறுக்கவில்லை. "சூடெல்லாம் ஒன்றுமில்லை. ஃபாரன்ஹீட்டில் எண் பெரிதாகத் தெரிகிறது, இவன் பயப்படுகிறான். ஓடட்டும், நான் பொறுப்பு" என்று என்னிடம் சொன்னான். அமெரிக்கன் வாசலில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டான். முகம் சிவந்து, கதவை அறைந்துவிட்டுப் போனான்.

யார் என்ன உத்தரவு கொடுத்தாலும் பெயரோடு நோட்டில் எழுத வேண்டும் என்பது விதி. பேனாவைத் திறந்தேன். பிரெஞ்சுக்காரன் ஓட்டச் சொன்னதை அமெரிக்கன் நோட்டில் எழுதினால் அவன் அதைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் ஓடுவான். பிரெஞ்சுக்காரன் நோட்டில் எழுதினால் மட்டும் மேனேஜர் கண்ணில் படாதா? சிநேகிதனைக் காட்டிக்கொடுப்பதா என்று பேனாவை மூடிவிட்டேன். இரண்டிலும் எழுதவில்லை.

மத்தியானத்துக்குள் பேரிங் இறுகி, ஷாஃப்ட் முறிந்தது. போர் நேரத்தில் அன்று பாதித் தண்ணீர்தான் ஊருக்குப் போயிற்று. மேனேஜர் எங்கள் மூவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஓட்டச் சொன்னது யார்?"

"நான் சொல்லவில்லை. நோட்டைப் பாருங்கள், இருக்கிறதா?" என்றான் பிரெஞ்சுக்காரன். என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

ஆனாலும் அமெரிக்கன் இருக்கிறானே! இவனைக் கவிழ்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவனுக்கு எங்கே கிடைக்கும்? ஆசையோடு அவனைப் பார்த்தேன்.

"நான் எதையும் கேட்கவில்லை. நிறுத்தச் சொன்னேன், இந்த ஆள் நிறுத்தவில்லை" என்றான் அவன்.

வெளியே வந்ததும் அமெரிக்கன் என் தோளில் தட்டினான். "எங்கள் இரண்டு நாட்டுப் பையன்களும் அங்கே ஒன்றாக நின்று சண்டை போடுகிறார்கள். இந்த நேரத்தில் அவனை நான் விட்டுக்கொடுக்க முடியாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே." அன்று சாயங்காலம் இருவரும் முதல்முறையாக ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். கழுநீர் என்று சொன்னானே, அந்தக் காபியைப் பிரெஞ்சுக்காரன் இரண்டு கப் குடித்தான். பாவி!

வேலை போகவில்லை. ஃபோர்மேன் சிபாரிசைத்தான் மேனேஜர் கிழித்துப் போட்டார். மகளை ஊரிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதாக மனைவி எழுதினாள். அதற்குமேல் அந்தக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. அதைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு அழுதேன்.

சண்டை முடிந்து பிரெஞ்சுக்காரனின் மனைவி வந்து சேர்ந்தாள். மெஸ்ஸில் அவளுக்கு ஒரு பக்கம் இவன், மறுபக்கம் அமெரிக்கன். இவன் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, "இவன் என் நல்ல நண்பன்" என்று சொன்னான். அந்தம்மாள் எழுந்து நின்று கைகொடுத்தாள். நல்ல பெண்மணி, அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

"உங்கள் மனைவியும் மகளும் வரப்போவதாக இவர் எழுதியிருந்தாரே, எப்போது வருகிறார்கள்?" என்று கேட்டாள்.

"வரமாட்டார்கள், மேடம். ஏனென்று உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள். அவர் சொல்லாவிட்டால் அந்தப் பக்கம் இருப்பவரைக் கேளுங்கள். இரண்டு பேருக்கும் தெரியும்" என்றேன்.