அண்ணா பிழையாகப் பாடிய நாள்

எங்கள் பெரியப்பாவிடம் இலங்கை உதைபந்தாட்ட அணியைப் பற்றிக் கேட்டால், சிலுவைப் பாதை சொல்வதுபோல விழுந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். உலகக் கிண்ணத்தின் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. தெற்காசியக் கிண்ணத்தை ஒரேயொரு முறை, அதுவும் கொழும்பில் நடந்தபோது, வென்றார்கள். மற்றபடி போவதும் தோற்பதும் வருவதும்தான். கடலுக்குப் போய் வெறும் வள்ளத்தோடு திரும்பிப் பழகிய மனிதருக்கு இதெல்லாம் பெரிய குறையாகப் படவில்லை. அப்படிப்பட்ட அணியில் அவருடைய மகனையே, எங்கள் அண்ணாவையே, எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த அன்று, எங்கள் கடற்கரை ஊரான தாழ்வுபாட்டில் வாசலில் வெடி கொளுத்தினார்கள்.

அப்போது நாங்கள் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நான் முகாமிலேயே பிறந்தவள். வீடு கட்டும்வரை பெரியப்பா வீட்டில் ஒதுங்கியிருந்தோம். நான் வாயைத் திறந்தாலே தெருப் பிள்ளைகள் ‘இந்தியாக்காரி’ என்று சிரிப்பார்கள். எப்படியாவது இந்த ஊர்க்காரி ஆகிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனையே கிடையாது.

அண்ணாவின் முதல் ஆட்டம், பார்த்துப் பார்த்து வைத்ததுபோல, இந்தியாவுடன். கதிரைகளை ஒதுக்கிப் பாய் விரித்து, அக்கம்பக்கத்தார் எல்லாரும் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடிவிட்டார்கள். பெரியம்மா செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். ஆட்டக்காரர்கள் வரிசையில் நின்றதும் முதலில் இந்தியாவின் தேசிய கீதம் ஒலித்தது. காதில் விழுந்ததுதான் தாமதம், நான் எழுந்து விறைப்பாக நின்று உரக்கப் பாடத் தொடங்கிவிட்டேன். முகாம் பள்ளிக்கூடத்தில் பாடிப் பாடி வந்த பழக்கம். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள் என்பது சற்றுப் பிந்தித்தான் உறைத்தது. அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தார்.

“விடுங்கோ, பிள்ளை பாடி முடிக்கட்டும். ஏதோ ஒரு நாட்டின்ர பாட்டாவது எங்கட வீட்டில ஆருக்கோ முழுசாத் தெரியுதே” என்றார் பெரியப்பா.

வீடே சிரித்தது. என் மானம் கப்பலேறிவிட்டது. அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் திரையைப் பார்த்தேன்.

அடுத்து இலங்கையின் கீதம். கமரா ஒவ்வொரு முகமாக நகர்ந்தது. இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியம்மாவின் விரல் செபமாலையில் அப்படியே நின்றுவிட்டது. அண்ணாவின் முகம் வந்தது. இரு பக்கத்திலும் நின்றவர்களின் வாய்கள் ஒன்றுபோல அசைய, அண்ணாவின் வாய் மட்டும் வேறு மாதிரி அசைந்தது. அவர்கள் மூடும்போது இவர் திறந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பிழைவிட்டவள் நான் மட்டும் இல்லை!

“பெரியப்பா, அண்ணா தப்பாப் பாடறாரு!”

“வாயைப் பொத்து!”

அவர் என்னை அதட்டியது அதுவே முதல் தடவை. அடுத்த நாட்டுப் பாட்டைப் பாடியபோதுகூடப் பகிடிவிட்டவர், இதற்கு ஏன் இப்படிச் சீறினார்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரோ என்னைப் பார்க்கவே இல்லை. கமரா அடுத்த முகத்துக்குப் போன பிறகுதான் மூச்சு விட்டார்.

“ஒருத்தரும் கவனிச்சிருக்க மாட்டினம்” என்றார் பெரியம்மா மெதுவாக.

வழக்கம்போல் தோற்றோம். அண்ணா நன்றாகத்தான் ஆடினார். பெரியப்பாவின் சிலுவைப் பாதையில் இன்னோர் இடம் சேர்ந்துகொண்டது.

அண்ணா ஊருக்கு வந்தபோது, யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். “அண்ணா, உங்களுக்கும் அந்தப் பாட்டுப் பாடமில்லையோ?”

என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஓம் தங்கச்சி, பிழைச்சுப் போச்சு. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.”

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. அதற்குள் பள்ளிக்கூடத்தில் அந்தக் கீதத்தை எங்களுக்குத் தமிழில் சொல்லித் தந்திருந்தார்கள். அடுத்த ஆட்டத்திலாவது அண்ணா தலைகுனியக் கூடாதே என்று, அவரை வள்ளத்தடியில் உட்காரவைத்து வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தேன். அவரும் நல்ல பிள்ளையாகத் திருப்பிப் பாடினார். ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

அதே மெட்டில் சிங்களத்திலும் ஒரு பாட்டு உண்டு, அன்று வரிசையில் மற்றவர்கள் பாடியது அதைத்தான், அண்ணா ஒருவர் மட்டுமே தமிழில் பாடினார் என்பதெல்லாம் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. இவ்வளவு கெதியாகப் பாடமாக்கிவிட்டாரே, இனி அண்ணாவுக்குப் பயமில்லை என்று நிம்மதியாக விளையாடப் போனேன்.