மூக்கனின் பின் சீற்

பழைய பி.எம்.டபிள்யூ கார் வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். எத்தனை கிலோமீற்றர் ஓடியது, கியர்ப்பெட்டி கழற்றியதா, ஏசி குளிருமா, சாமான் உடைந்தால் எங்கே எடுப்பது. பரந்தனுக்குக் கிட்ட ஒரு தகரக் கொட்டிலில் வைத்து நான் இந்தக் கார்களைத் திருத்துகிறேன். தொழில் என்று சொல்ல முடியாது. தொழில் வயலும் மோட்டார் சைக்கிள் திருத்துவதும்தான். கொழும்பில் யாரோ மழையில் கைவிட்ட காரை மலிவாக எடுத்து வந்து, ஒன்றிரண்டு வருடம் அதோடு கிடந்து, ஓடவைத்து, பிறகு விற்றுவிடுவேன். விற்ற அன்று கொட்டில் மிகவும் பெரிதாகத் தெரியும். வீட்டிலும் நான் ஒருவன்தான் என்பதால் அதைச் சொல்ல ஆளில்லை. அடுத்த காரைத் தேடத் தொடங்குவேன்.

இப்போது ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் காரை வாங்க வந்தவர் அதைத்தான் கேட்டார்.

எங்கள் வீடு கண்டாவளைப் பக்கம், குடியேற்றக் காணியில் இருந்தது. ஒரு காலத்தில் அங்கே மிளகாய் நல்ல விலைக்குப் போயிற்றாம். அந்தக் காசில் எல்லாரும் உழவு இயந்திரம் வாங்கினார்கள். அப்பா கார் வாங்கினார். கிளிநொச்சியில் வேலைபார்த்த ஒரு எஞ்சினியர் வெளிநாட்டுக்குப் போகும்போது விற்ற பழைய பி.எம்.டபிள்யூ அது. நாலு கதவு, வெள்ளை நிறம். முன்பக்கம் நடுவில் இரண்டு மூக்குத் துவாரம்போல இருந்ததால் ஊர்ச் சிறுவர்கள் அதற்கு மூக்கன் என்று பெயர் வைத்தார்கள். பிறகு பெரியவர்களும் அப்படியே சொன்னார்கள். "மூக்கன் வாறான், மாட்டைப் பிடி" என்று ஒழுங்கையில் சத்தம் கேட்டால் அப்பா வீட்டுக்கு வருகிறார் என்று அர்த்தம்.

உழவு இயந்திரம் வாங்கியவர்கள் வயலை உழுதார்கள். காரைக் கொண்டு எதை உழுவது என்று அம்மா கேட்டிருக்கிறா. அதற்கு மறுமொழியாகத்தான் அப்பா கலியாணங்களுக்கு ஓடத் தொடங்கினார். சுற்று ஊர்களில் கலியாணத்துக்கு ஓடியவை முதுகு கூனிய பழைய இங்கிலாந்துக் கார்கள். மாப்பிள்ளை மூக்கனில் வந்து இறங்கினால் அந்தக் கலியாணத்துக்கே ஒரு மதிப்பு. வைகாசியிலும் ஆவணியிலும் மூக்கனுக்கு ஓய்வில்லை. நெல் பொய்த்த வருடங்களில் நாங்கள் சாப்பிட்டது மூக்கனின் உழைப்பை.

கலியாணத்துக்கு ஓடும் காருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. அதில் சவம் ஏற்றக்கூடாது. ஒருமுறை ஏற்றினாலும் போதும், பிறகு மாப்பிள்ளை வீட்டார் அந்தக் காரைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் யாராவது இறந்தால் உழவு இயந்திரத்தின் பெட்டியில்தான் ஊருக்குக் கொண்டுவருவார்கள். ஒருநாள் அயலவர் ஒருவர் கண்ணீரோடு வந்து காரைக் கேட்டபோது அப்பா தடுமாறி நின்றார். அம்மாதான் வாசற் படலைக்கு வந்து சொன்னா. "குறை நினையாதேங்கோ அண்ணை. இதுதான் எங்கட சோறு."

அம்மாவுக்கும் மூக்கனுக்கும் தீராத சண்டை ஒன்று இருந்தது. றேடியேற்றர் ஒழுகினால் அப்பா குசினிக்குள் புகுந்து மஞ்சள் தூளை எடுத்துக்கொண்டு போய் அதற்குள் கொட்டுவார். ஓட்டை கொஞ்ச நாளைக்கு அடைத்து நிற்கும். "கறிக்கு இல்லாத மஞ்சள் அவனுக்கோ?" என்று அம்மா அகப்பையோடு வெளியே வருவா. அப்பா எஞ்சினை மூடும் பொனற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு செவிடர்போல நிற்பார்.

ஆனால் அம்மா இல்லாமல் மூக்கன் ஓடமாட்டான். எனக்கு விபரம் தெரிந்த காலத்தில் போர்த்தடையால் பெற்றோலைக் கண்ணால் காண்பதே அரிது. எல்லா வாகனமும் மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெயில் ஓடலாமே தவிரத் தொடக்க முடியாது. தொடக்குவதற்கு நாலு சொட்டுப் பெற்றோல் வேண்டும். அதைச் சின்ன மருந்துப் போத்தலில் வைத்து, பொனற்றைத் திறந்து, ஒருவர் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். அதே நேரத்தில் மற்றவர் உள்ளே இருந்து சாவியைத் திருகவேண்டும். தனி ஆளால் முடியாத வேலை. அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சொட்டு விட்டால் மூக்கன் ஒரே திருகில் பிடித்துவிடுவான்.

எனக்கு எட்டு வயதில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு அப்பா காரில்தான் கொண்டுபோனார். அம்மாவே சொட்டு விட்டுத் தொடக்கிவிட்டு, பொனற்றை மூடிவிட்டு, முன் சீற்றில் ஏறிப் போனா. ஒரு கிழமையில் உழவு இயந்திரப் பெட்டியில் திரும்பி வந்தா.

மூக்கன் முன்னால் வெறுமையாக வந்தான். பெட்டி பின்னால் வந்தது. அடுத்த நாள் மூக்கனுக்கு ஒரு கலியாணம் பேசியிருந்தார்கள். அந்தக் கலியாணத்துக்கு அப்பா போகவில்லை என்பது வேறு கதை. மழைக்காலத்து றோட்டு குழியும் கிடங்குமாக இருந்தது, கிடங்குக்குக் கிடங்கு பெட்டி தூக்கித் தூக்கிப் போட்டது. அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, பெட்டிக்குள் குந்தியிருந்து அம்மாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தார். முற்றத்தில் இறங்கியதும் அவர் அழவில்லை. அப்பாவைப் பார்த்து ஒன்று மட்டும் சொன்னார்.

"ஊராற்ற பொம்பிளையளுக்கெல்லாம் ஓடுற கார், என்ர தங்கச்சிக்கு மட்டும் ஓடாதோ? வழிநெடுக அவளின்ர தலை பலகையில அடிபட்டுது."

அதற்குப் பிறகு மாமா அப்பாவோடு கதைக்கவில்லை. வவுனியாவில் வாத்தியாராக இருந்த அவர் லீவு கிடைக்கும்போது என்னைப் பார்க்க வருவார். அப்பா எதிரில் நின்றாலும் என்னிடம்தான் கதைப்பார். "உன்ர கொப்பரிட்டச் சொல்லு, வேலியைக் கறையான் தின்னுது." அப்பாவும் என்னிடம் சொல்லுவார். "மாமாட்டச் சொல்லு, எனக்குக் கண் தெரியும்." இரண்டு பேரும் ஒரு விறாந்தையில் இருக்க, நான் நடுவில் நின்று இருவரையும் மாறிமாறிப் பார்ப்பேன். நான் சொல்லத் தேவையில்லாமல் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

மற்ற நாட்களில் வீட்டில் அந்தச் சத்தமும் இல்லை. அப்பா வெள்ளிக்கிழமைகளில் மூக்கனைக் கிணற்றடியில் வைத்துக் கழுவுவார். பிளக்கைக் கழற்றி மண்கடதாசியால் தேய்ப்பார். மஞ்சள் எடுக்கக் குசினிக்குள் போகும்போது, திட்ட ஒருவரும் இல்லாதபோதும், வாசலில் நின்று ஒருதரம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார். சொட்டு விடுகிற வேலை எனக்கு வந்தது. கதிரை ஒன்றின் மேல் ஏறி நின்று விடுவேன். "விடு" என்பார், "போதும்" என்பார். அந்த இரண்டு சொல்லோடு சில நாட்கள் முடிந்துவிடும். பள்ளிக்கூடத்திலும் நான் கதைக்கிற பிள்ளை இல்லை. வீட்டுக்கு வந்தால் மூக்கனின் பின் சீற்றில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். நான் ஐந்தில் இருந்தபோது மாமா ஒரு ஏற்பாட்டோடு வந்தார். தான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் விடுதி இருக்கிறது. ஒரு அறையில் எட்டுப் பொடியன்கள். பின்னேரம் கரப்பந்து அடிக்கலாம். இரவில் லைற் எரியும். "உன்ர கொப்பரிட்டச் சொல்லு, அவளின்ர பிள்ளையை நான் படிப்பிக்கிறன். காரை வித்தால் விடுதிச் செலவுக்குக் காணும்." எட்டுப் பொடியன்கள் என்பது மட்டும்தான் என் காதில் நின்றது. அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவரும் கொஞ்சம் பொறுத்துத் தலையாட்டினார்.

வாங்குகிறவரையும் மாமாவே கொண்டுவந்தார். புதுக்குடியிருப்பில் மணவறை, லைற், ஸ்பீக்கர் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். கார் ஒன்றும் இருந்தால் முழுக் கலியாணத்தையும் தானே பொறுப்பெடுக்கலாம் என்பது அவருடைய எண்ணம். அவர்கள் வந்த அன்று காலையிலேயே நான் என் இரண்டு காற்சட்டைகளையும் பாயிலே வைத்து மடித்து ஒரு பையில் போட்டுவிட்டேன்.

மணவறைக்காரர் மூக்கனைச் சுற்றி வந்தார். ரயரை உதைத்தார். நான் கதிரையில் ஏறிச் சொட்டு விட, அப்பா திருக, மூக்கன் இருமி இருமிப் பிடித்தான். முற்றமெல்லாம் வெள்ளைப் புகை.

"பொம்பிளைக்கு மல்லிகை வாசம் அடிக்காது, மண்ணெண்ணெய் வாசம்தான் அடிக்கும்" என்றார் மணவறைக்காரர்.

"உங்கட மணவறைக்கும் அதே வாசம்தானே" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்ததுபோல இருந்தது.

விலை சரியாகிவிட்டது. மணவறைக்காரர் காசெடுக்க மடியில் கைவைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டுச் சொன்னார். "அண்ணை, ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ. கலியாணத்துக்கு விடப்போற கார். இதில சவம் கிவம் ஏத்தேல்லைத்தானே?"

மாமா முந்திக்கொண்டார். "சீச்சீ, என்ன கதை இது. இந்தச் சுற்றுவட்டாரத்தில இதைப்போலச் சுத்தமான கார் இல்லை. அது எனக்கு நல்லாத் தெரியும்." கடைசி வார்த்தைகளை அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

அப்பா எஞ்சினை நிறுத்தினார். காரை விட்டு இறங்கினார்.

"ஏத்தினது" என்றார்.

"ஆரை?"

"என்ர மனிசியை. கிளிநொச்சி ஆசுப்பத்திரியில இருந்து. பின் சீற்றில கிடத்தித்தான் கொண்டந்தனான்."

நான் கதிரையின் மேலேயே நின்றேன். கையில் பெற்றோல் போத்தல். அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. றேடியேற்றர் ஒழுகுவதை யாரும் கேட்காமலேயே சொல்லுகிற மனிதர். பொய் சொல்லுகிறவர்கள் ஒரு சாமானை விற்பதற்குத்தான் சொல்லுவார்கள் என்பது பத்து வயதில் எனக்கும் தெரியும். இவர் விற்காமல் இருப்பதற்குச் சொல்கிறாரே என்று பார்த்தேன். உழவு இயந்திரப் பெட்டியில்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சொல்ல வேண்டியவர் மாமாதான், அவர் இப்போது சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன்.

மணவறைக்காரரும் மாமாவைத்தான் பார்த்தார். "என்ன மாஸ்டர், நீங்கள் வேற மாதிரியெல்லோ சொன்னனீங்கள்?"

மாமா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"ஓம்" என்றார். "ஏத்தினதுதான். எனக்கு மறந்துபோச்சு."

சொந்தத் தங்கையை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதை மறக்கிற மனிதரும் உண்டோ என்று மணவறைக்காரர் நினைத்திருக்க வேண்டும். அவர் தேத்தண்ணியும் குடிக்காமல் சைக்கிளை எடுத்தார். மாமா அவருக்குப் பின்னால் போகுமுன் மூக்கனின் பின் கதவில் ஒருதரம் கையை வைத்து எடுத்தார். படலையில் நின்று திரும்பினார்.

"போட்டு வாறன், மச்சான்."

இரண்டு வருடத்துக்குப் பிறகு மாமா அப்பாவோடு நேரே கதைத்த முதல் கதை அது. நான் அதைக் கவனிக்கவில்லை. மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் போகிறார் என்பதை மட்டும் கவனித்தேன். மடித்த காற்சட்டைகளைப் பையிலிருந்து எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டேன். விடுதிக்கு நான் பிறகும் போகவில்லை. அடுத்த வருடம் போர் முற்றிப் பாதைகள் மூடப்பட்டன, பிறகு நாங்கள் ஊர் ஊராக ஓடினோம், மூக்கனை எங்கோ ஒரு தென்னைக்குக் கீழ் விட்டுவிட்டு வந்தோம். என் படிப்பு அந்த ஐந்தாம் வகுப்போடு நின்றது.

அன்று பின்னேரம் அப்பா குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். "சொட்டு விடு" என்றார். மிச்சமிருந்ததை விட்டேன். மூக்கன் பிடித்தான். நான் வழக்கம்போலப் பின்னால் ஏறப்போனேன்.

"பின்னால வேண்டாம். முன்னுக்கு வா."

நாங்கள் கிளிநொச்சிக்குப் போனோம். சாமான் வாங்கப் போகிறோம் என்று நினைத்தேன். கடைகளைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவில்லை. இறங்கிப் பின் கதவைத் திறந்து பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். வாசற் காவலாளி எழுந்து வந்தார்.

"ஆரையண்ணை ஏத்த வந்தனீங்கள்?"

"ஏத்தியாச்சு" என்றார் அப்பா. கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.

நான் திரும்பிப் பார்த்தேன். பின் சீற்றில் ஒருவரும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா நடையைவிடக் கொஞ்சம் கூடிய வேகத்தில் ஓட்டினார். ஒவ்வொரு கிடங்கையும் கண்டு, விலத்தி, விலத்த முடியாததில் மெல்ல இறக்கி மெல்ல ஏற்றினார். சைக்கிள்கள் எங்களை முந்திப் போயின. ஒரு மாட்டு வண்டிலும் முந்தியது. மண்ணெண்ணெய் அளவைக் காட்டும் முள் கீழே வந்துகொண்டிருந்தது. நடு றோட்டில் நின்றுவிட்டால் தொடக்குவதற்குப் போத்தலில் ஒரு சொட்டும் இல்லை.

"கெதியாப் போங்கோ அப்பா" என்றேன்.

"கெதியாப் போகேலாது தம்பி" என்றார், றோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "தலை அடிபடும்."

என் தலையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். முன் கதவின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.